அசையாமல் நின்ற முகம்

எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பதினோராம் வகுப்புச் சாதாரண தரம் வரை படித்தவள். அதிலும் கணக்கு இரண்டு தடவையும் கைவிட்டது. புத்தகம் எழுதுகிறவர்கள் வேறு மாதிரியானவர்கள் என்பது எனக்குத் தெரியும். கண்டியில் நான் வேலை செய்யும் கடைக்கு அப்படிப்பட்டவர்கள் ஓரிருவர் வருவார்கள். எழுதியதைப் பிரதி எடுக்கக் கொடுத்துவிட்டு, தாள்களை வரிசை மாற்றிவிடுவேனோ என்று என் கையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மற்றவர்கள் எழுதியதைப் பிரதி எடுப்பதுதான் என் வேலை. சொந்தமாக எழுத எனக்கு உரிமை உண்டா என்று இப்போதும் சந்தேகமாக இருக்கிறது. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு வார்த்தையைப் பலர் முன்னால் வாய் திறந்து சொல்ல என்னால் முடியாமல் போனது. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

கடை மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பின்னால் ஒடுக்கமான ஒரு பாதையில் இருக்கிறது. வெளியே 'கொமினிகேஷன்' என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கும். உள்ளே ஒரு பிரதி இயந்திரம், இரண்டு கொம்பியூட்டர், முதலாளியின் கதிரை, என்னுடைய ஸ்டூல். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் வினாத்தாள் இவற்றைப் பிரதி எடுத்துக் கொடுப்பேன். போனில் வந்ததைக் கடதாசியில் அச்சடித்துக் கொடுப்பேன். எனக்குத் தெரிந்த கொம்பியூட்டர் அவ்வளவுதான். அது இடையில் சிக்கி நின்றுவிட்டால் முதலாளி தலை நிமிராமலே சொல்வார்: "யோசிக்காத. புடுங்கு." நான் குனிந்து சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குவேன். திரும்பச் செருகினால் எதுவும் நடக்காத மாதிரி வேலை செய்யும். பல வருடங்களாக இதுதான் எங்கள் வைத்தியம்.

அம்பிட்டியவில் எங்கள் வீட்டுப் பக்கத்தில் என்னைப் பற்றி வேறு விதமாக நினைத்திருந்தார்கள். கொரோனா காலத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒன்லைன் வகுப்புக்காக ஒரு பழைய லெப்டொப் வாங்கினார்கள். ஒரு நாள் அதில் சத்தம் வரவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் எதையோ அழுத்தினேன். டீச்சரின் குரல் வீடு முழுவதும் கேட்டது. எதை அழுத்தினேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் அன்றிலிருந்து நான் 'கொம்பியூட்டர் அக்கா'. ஆட்கள் முன்னால் பேச வராத எனக்கு, பேசாமலே கிடைத்த மரியாதை அது. அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. யாராவது அப்படிக் கூப்பிட்டால் இல்லை என்று மறுக்க மாட்டேன்.

அந்தப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா இறந்துபோனார். ஹேவாஹெட்டப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து, கணவர் போன பின் மகளோடு வந்து இருந்தவர். மதிலுக்கு மேலால் எனக்குக் கறிவேப்பிலை நீட்டுவார். வாங்கிக்கொண்டு நான் சிரிப்பேன். எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான், ஆனால் அது அநேகமாகத் தினமும் நடக்கும். அவருக்கு ஒரு மகள், ஒரு மகன். மகன் கட்டாரில் வேலை. போய் முழுதாக ஒரு வருடம் ஆகவில்லை, லீவு கிடைக்கவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் மகள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அழுது அழுது குரல் போயிருந்தது.

"அக்கா, தம்பி வர முடியாதாம். நாளைக்கு பின்னேரம் கொஞ்ச நேரம் மட்டும் வேலைல விடுவாங்களாம். வீடியோ கோல்ல அம்மா மொகத்த ஒருக்கா பாத்துர்றேன்னு கெஞ்சுறான். போன்ல எடுத்தா கை ஆடுது, அவனுக்கு ஒன்னும் தெரியலயாம். பாப்பாட லெப்டொப்ல எடுத்துத் தாங்கக்கா. ஒங்கள விட்டா யாருக்குத் தெரியும்?"

"போட்டோ எடுத்து..." என்று இழுத்தேன்.

"அனுப்பினோம். போட்டோ வேறக்கா, நேர்ல பாக்கணும்னு சொல்றான்."

எனக்குத் தெரியாது என்று சொல்ல அது நல்ல சந்தர்ப்பம். நான் தலையாட்டினேன்.

ஞாயிறு மதியம், உடலைப் பதப்படுத்திய மலர்ச்சாலையிலிருந்து பெட்டி வந்தது. முன் அறையில் வைத்தார்கள். தோட்டத்திலிருந்து ஒரு வேன் நிறைய சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். வெளியே தப்பு அடித்தார்கள். நான் பெட்டியின் கால்மாட்டில், கதவோரம் ஒரு ஸ்டூல் போட்டு லெப்டொப்பை வைத்தேன். திரை பெட்டியைப் பார்த்தபடி இருந்தது. நான் அதற்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டேன். தலைமாட்டில் வைத்திருக்க வேண்டும். முகம் அங்கேதான் இருந்தது. ஆனால் தலைமாட்டுக்குப் போவதென்றால் அழுகிற பெண்களைத் தாண்டி, ஆண்கள் நிற்கிற பக்கமாகப் போக வேண்டும். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள்.

தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெண் என்னைச் சுட்டிக்காட்டிப் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "இந்தப் பொம்பள மனுசரோட பேச மாட்டாளாம். கொம்பியூட்டரோட மட்டும்தான் பேசுவாளாம்."

"அதுதான் நல்லது. அது திருப்பிப் பேசாதுல்ல."

சாவு வீட்டிலும் அப்படி ஒரு சிரிப்பு வந்து போகும். நானும் சிரித்தேன்.

மகன் லைனுக்கு வந்தபோது மூன்று மணி தாண்டியிருந்தது. இரண்டு அடுக்குக் கட்டில் ஒன்றின் கீழ்த்தட்டில் உட்கார்ந்திருந்தான். பின்னால் ஒரு துவாய் தொங்கியது. அவனைக் கண்டதும் பெண்கள் பெரிதாக அழுதார்கள். "வந்துட்டியாப்பா, இப்படியா வந்த" என்று ஒருத்தி திரைக்கு முன்னால் மண்டியிட்டாள். அவனும் அழுதான். கொஞ்ச நேரம் கழித்து அவன் குரல் தனியாகக் கேட்டது.

"அக்கா... லெப்டொப் அக்கா... அம்மா மொகம் தெரியலக்கா. காலு மட்டுந்தான் தெரியுது."

"இந்தா வர்றேன் தம்பி" என்றேன்.

ஆனால் உடனே போகவில்லை. அப்போதுதான் பெரியம்மாவின் பிறந்த வீட்டுக்காரர்கள் கோடிச் சேலை கொண்டு வந்து போர்த்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முடிக்கட்டும், கூட்டம் விலகட்டும் என்று நின்றேன். "அக்கா" என்று அவன் மீண்டும் கூப்பிட்டான். மூன்றாம் முறை கூப்பிட்டபோது வெட்கப்பட்டுக்கொண்டே பின்னாலிருந்து வெளியே வந்தேன். அழுகைச் சத்தத்தில் அவன் சொல்வது சரியாகக் கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டலாம் என்று திரைக்கு முன்னால் குனிந்து, முகத்தைக் கிட்டக் கொண்டுபோய், எழுத்துகளைத் தேடி ஒன்றிரண்டை அழுத்தினேன்.

சத்தம் நின்றது. அம்புக்குறி இருந்த இடத்தில் ஒரு சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியது. மகன் மூக்கைத் துடைக்கக் கையைத் தூக்கியிருந்தான். கண் பாதி மூடியிருந்தது. கை அப்படியே நின்றது.

நெட் கொஞ்சம் சுணங்குகிறது, வந்துவிடும் என்று நினைத்தேன். அழுத்திய எழுத்தைத் திரும்ப அழுத்தினேன். வட்டம் சுற்றியது. அந்த நேரம் பார்த்துப் பெரியம்மாவின் தம்பி, பிள்ளைகளின் தாய்மாமன், உள்ளே வந்தார். காரியங்களை முன்னின்று செய்தவர் அவர்தான். உயரமான மனிதர், குரலும் பெரியது.

"நாலரைக்கு ராகுகாலம். அதுக்கு முன்ன படி எறங்கணும். வாய்க்கரிசி போடுறவங்க வாங்க. மகன் லைன்ல இருக்காப்லயா?"

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். முப்பது பேராவது இருப்பார்கள். 'சிக்கிவிட்டது, கொஞ்சம் பொறுங்கள்' என்று சொன்னால் போதும். நான் தலையாட்டினேன்.

"அப்ப ஏன் கால்மாட்டுல கெடக்கு? தலமாட்டுக்குக் கொண்டாங்க."

மகளின் கணவர் ஸ்டூலோடு லெப்டொப்பைத் தூக்கிக் கூட்டத்துக்கு மேலால் கொண்டுபோய், பெரியம்மாவின் முகத்துக்கு நேராக வைத்தார். எனக்கு அரை மணி நேரமாகச் செய்ய முடியாததை அவர் ஒரே எட்டில் செய்தார். நானும் வயரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். இப்போது எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. பெரியம்மாவின் நெற்றியில் திருநீறு, அதற்கு நேர் எதிரே மகனின் முகம். மகனின் முகம் மட்டும் அசையவில்லை.

பிறகு நடந்ததை எழுதக் கை கூசுகிறது. மகன்தான் முதலில் அரிசி போட வேண்டும். அவன் கை படாத அரிசியைப் போட மாமாவுக்கு மனம் வரவில்லை. தட்டைத் தூக்கி லெப்டொப்புக்கு முன்னால் நீட்டினார்.

"தம்பி, ஒங்கையால அள்ளுறதா நெனச்சிக்க. நாந்தான் போடுறேன், ஆனா நீ போடுறது. சரியா?"

திரையில் அவன் தலை கொஞ்சம் குனிந்திருந்தது. சரி என்று சொன்னது போலவே இருந்தது.

"பாவம், வாயடைச்சுப் போய் இருக்கான் பாரு" என்று ஒருத்தி அழுதாள்.

"சத்தமே வரலியே?" என்றார் யாரோ.

"அழுக வந்தா பேச்சு எங்கருந்து வரும்?"

மாமா மூன்று முறை அள்ளி மூன்று முறை போட்டார். ஒவ்வொரு முறையும் "மகன் போடுறான்க்கா, வாங்கிக்க" என்று தன் அக்காவிடம் சொன்னார். நான் லெப்டொப்புக்குப் பக்கத்திலேயே நின்றேன். ஒவ்வொரு முறை அவர் சொன்னபோதும் சொல்லிவிடலாம் என்று மூச்சை இழுத்தேன். ஒவ்வொரு முறையும் பிந்திவிட்டது போல இருந்தது. முதல் அரிசிக்கு முன் சொல்லியிருந்தால் சும்மா ஒரு செய்தி. இரண்டாவதற்குப் பின் சொன்னால், ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்பார்கள். வாய்க்கரிசி போட்ட பின் சொன்னால், அது மகன் போட்டதில்லை என்று ஆகிவிடும்.

பின் வீட்டுச் சிங்களப் பெண் ஒருவர் சீனியும் தேயிலையும் கொண்டு வந்தவர், ஜன்னல் பக்கம் நின்றிருந்தார். சடங்கு அவருக்கு விளங்காததால் திரையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் போலும். மெதுவாக வந்து என் காதுக்குப் பக்கத்தில் கேட்டார்:

"நங்கி, மேக ஹிரவெலா நேத?"

தங்கச்சி, இது சிக்கிக்கொண்டதல்லவா என்று கேட்டார். அவரிடம் ஒத்துக்கொண்டிருந்தால்கூட யாருக்கும் கேட்டிருக்காது. இருவருமாக ஏதாவது செய்திருக்கலாம்.

"நே அக்கே, ஹரி" என்றேன். இல்லை, சரியாக இருக்கிறது.

அவர் திரையை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார்.

பெண்கள் வரிசையாக அரிசி போடத் தொடங்கினார்கள். எனக்குக் கொஞ்சம் இடம் கிடைத்தது. கடை வைத்தியம் ஞாபகம் வந்தது. குனிந்து, வயர் போன வழியே போய், சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன்.

பெட்டிக்குப் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்த காற்றாடி நின்றது. அதுவும் அதே வயரில்தான் இருந்தது. தலைமாட்டு மின்விளக்கும் போனது.

"கரண்ட் போச்சு!"

"இந்த நேரம் பாத்தா?"

லெப்டொப் மட்டும் அணையவில்லை. வெளிச்சம் சற்றுக் குறைந்தது, அவ்வளவுதான். லெப்டொப்புக்கு உள்ளேயே பெட்டரி இருக்கிறது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் கைக்குப் பழகிய ஒரே வேலை அதுதான்.

"கரண்ட் போனாலும் புள்ள போகல பாத்தியா" என்றாள் அந்தத் தோட்டத்துப் பெண். "பெத்தவ பக்கத்துலயே இருக்கான்." அதைக் கேட்டு மகள் பெட்டியின் மேல் விழுந்து அழுதாள்.

நான் பிளக்கைத் திரும்பச் செருகினேன். காற்றாடி சுற்றியது. என்னை யாரும் கவனிக்கவில்லை, அந்தச் சிங்கள அக்காவைத் தவிர.

பிறகுதான் அது ஞாபகத்துக்கு வந்தது. கடையில் ஒரு தடவை, பிளக்கைப் பிடுங்கினால் ஒரு வாடிக்கையாளரின் வேலை முழுவதும் அழிந்துவிடும் என்ற நிலைமையில், முதலாளி மூன்று பட்டன்களை ஒன்றாக அழுத்தினார். இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் மேலே ஒன்று. அப்போது திரையில் ஒரு பட்டியல் வந்தது. அதில் சிக்கிய ஒன்றை மட்டும் மூடினார். நான் அதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். எப்படி என்று கேட்கக் கூச்சமாக இருந்ததால் கேட்கவில்லை. பார்த்தது பாதி நினைவிருந்தது.

திரைக்கு முன்னால் மண்டியிட்டேன். அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. வேறு இரண்டோடு அழுத்தினேன். மூன்றாவது தடவை நீல நிறத்தில் ஒரு திரை வந்து, அதிலிருந்து ஒரு பட்டியல் வந்தது. ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டி வாசித்தேன். நாங்கள் வீடியோவில் பேசிய நிரலின் பெயருக்குப் பக்கத்தில், பதில் இல்லை என்ற பொருளில் இரண்டு சொற்கள் இருந்தன. இவ்வளவு நேரம் நான் சொல்லாததை அது எழுதியே வைத்திருந்தது. கீழே மூலையில் 'எண்ட்' என்று தொடங்கும் ஒரு பட்டன்.

அம்புக்குறியை அதன் மேல் கொண்டுபோனேன். பட்டியலுக்குப் பின்னால் அவன் முகம், மூக்கைத் துடைக்கத் தூக்கிய கை. அழுதுகொண்டிருக்கிற ஒரு மனிதனை முடித்துவிடு என்று சொல்வது போல இருந்தது. திரும்பி வராவிட்டால் என்ன செய்வேன்? பின்னாலிருந்து ஒரு குரல்: "என்னா செய்ற நீ? அவன மூடிறாத!"

அழுத்தினேன்.

முகம் போனது. அந்த இடத்தில், பிள்ளை தன் லெப்டொப்புக்குப் போட்டிருந்த படம் வந்தது. ரோஸ் நிற ரிப்பன் கட்டிய ஒரு பூனைக்குட்டி. பெரியம்மாவின் முகத்துக்கு நேரே அது சிரித்துக்கொண்டிருந்தது.

"ஐயோ, போயிட்டானே!"

"யாரு மூடினது?"

"என்னாம்மா ஆச்சு?" மாமா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"சிக்கிருச்சுங்க" என்றேன். கடைசியில் அந்த வார்த்தை வந்துவிட்டது. சொல்வது ஒன்றும் அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை.

"எப்ப இருந்து?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவர் கையில் இன்னும் இரண்டு மூன்று அரிசி ஒட்டியிருந்தது. நான் அந்தக் கையைத்தான் பார்த்தேன்.

"இப்பதாங்க" என்றேன். "இப்ப, இந்த நிமிசம்."

அவர் முகம் தெளிந்தது. "அப்ப சரி. வாய்க்கரிசி வரைக்கும் பாத்துட்டான்ல. அது போதும்." வெளியே எட்டிப் பார்த்தார். ஹந்தானை மலைப் பக்கம் கறுத்து வந்தது. "மழையும் வரப் போகுது. நீ மறுபடி எடும்மா, எடுக்குறவரைக்கும் நாங்க வேலையப் பாப்போம். பேரப் புள்ளைங்க பந்தம் பிடிங்க. மூடிய கொண்டாங்கப்பா."

நான் அந்த நிரலைத் திரும்பத் திறந்தேன். அது மெதுவாகத் திறந்தது. திறந்ததும் ஏதோ கேள்வி கேட்டது. ஆம் என்பதை அழுத்தினேன். அவன் பெயரைத் தேடினேன். எனக்குப் பின்னால் பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி வருவது சுவரில் நிழலாகத் தெரிந்தது. பிறகு பெண்களின் ஓலம் ஒரே தடவையில் உயர்ந்தது. திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. மூடியைப் போட்டுவிட்டார்கள். திருகாணி முறுக்கும் சத்தம் கேட்டது.

மணி அடித்தது. எடுத்தான்.

அழுகைக்கு நடுவே அவன் குரல் பெரிதாக வந்தது. நான்தானே சத்தத்தைக் கூட்டியிருந்தேன். அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

"அக்கா, அம்மா மொகத்தக் காட்டுங்கக்கா! அரை மணித்தியாலமா ஒங்க மொகந்தான் நிக்கிது. நகருங்கக்கா, நகருங்கக்கான்னு கத்திக்கிட்டே இருக்கேன், நீங்க அப்படியே என்னையப் பாத்துக்கிட்டே இருக்கீங்க!"

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. இங்கே அவன் முகம் நின்ற அதே நிமிடத்தில், அங்கே என் முகம் நின்றிருக்கிறது. எழுத்தைத் தேடிக் குனிந்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடி, திரை நிறைய. தாயைப் பார்க்கக் கிடைத்த நேரம் முழுவதும் அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். கண்ணாடியில்கூட நான் என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

அறையில் தப்புச் சத்தம் மட்டும் கேட்டது. மாமா கடைசித் திருகாணியில் கையை வைத்தபடி நின்றார். அவர் கணக்குப் போடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அரை மணித்தியாலம். வாய்க்கரிசி. தலைமாட்டில் நீட்டிய தட்டு. அவர் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தொறங்க மாமா" என்றாள் மகள். "அவன் பாக்கல மாமா. தொறங்க."

"மூடினத தொறக்கக் கூடாதும்மா."

"ஒருக்கா மாமா. ஒரே ஒருக்கா."

அவர் ஆணியை விடவில்லை. மற்ற ஆண்களைப் பார்த்தார். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே முதல் மழைத்துளிகள் தகரத்தில் விழுந்தன. மாமா லெப்டொப்பின் பக்கம் திரும்பி, தன் பெரிய குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"தம்பி, மாமா பேசுறேன். அம்மா மொகம் நல்லா இருந்திச்சுப்பா. தூங்குற மாதிரிதான். ஒன் பேரு சொல்லித்தான் அரிசி போட்டேன். மூடிட்டோம்பா. தொறக்கக் கூடாது."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. திரும்பவும் சிக்கிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை. அவன் கண் சிமிட்டினான்.

"சரி மாமா" என்றான்.

தூக்கினார்கள். லெப்டொப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நான் பின்னால் போனேன். கூட்டம் எனக்கு வழி விட்டது. எல்லோரும் பார்த்தார்கள். இந்தத் தடவை நான் நடந்தேன். மூடி, மாலை, ஆண்களின் தோள், யாரோ விரித்த குடை, இவற்றையெல்லாம் அவனுக்குக் காட்டினேன். பெண்கள் வாசலோடு நின்றுவிட வேண்டும். வாசலில் நின்று லெப்டொப்பைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தேன். கை வலித்தது. பாதை திரும்பும் வரைக்கும் பிடித்திருந்தேன்.

"போதும்க்கா" என்றான் அவன். "டைம் முடிஞ்சுது. வைக்கிறேன்." நான் அதைக் கீழே இறக்குவதற்குள் வைத்துவிட்டான்.

மன்னிப்புக் கேட்க நினைத்தது அப்போதுதான்.

பெட்டி போன பிறகு வீட்டைக் கழுவ வேண்டும். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தும்புத்தடியை எடுத்தேன். யாரும் சொல்லாமலே முன் அறை, விறாந்தை, படி எல்லாவற்றையும் கழுவினேன். தோட்டத்துப் பெண்கள் வாளியில் தண்ணீர் கொண்டு வந்து ஊற்றினார்கள். அவர்கள் என்னோடு கேலியோ பகிடியோ பேசவில்லை.

மகள் தலைக்குக் குளித்துவிட்டு வந்து எனக்கு ஒரு கப் வெறுந்தேநீர் தந்தாள்.

"விடுங்கக்கா" என்றாள். "நெட் இங்கெல்லாம் அப்படித்தானே. நீங்க என்னா செய்வீங்க."

நெட் இல்லை, நான்தான், முதல் அரிசிக்கு முன்னமே எனக்குத் தெரியும் என்று சொல்ல வேண்டும். அவளுக்கும் அது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். மாமா கணக்குப் போட்டது போல அவளும் போட்டிருப்பாள். ஆனாலும் எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தாள். அந்தக் கதவு வழியே போகாமல் நிற்க ஒரு வார்த்தை போதும்.

நான் தலையாட்டினேன். தேநீரைக் குடித்தேன். சீனி அதிகமாக இருந்தது. சிங்கள அக்கா கொண்டு வந்த சீனி. அவர் படியில் நின்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். போகும்போது என்னிடம், வருகிறேன் என்று சிங்களத்தில் சொன்னார்.

அன்றிரவு பல் துலக்கும்போது கண்ணாடியைப் பார்க்கவில்லை. இப்போதும் அநேகமாகப் பார்ப்பதில்லை. பார்த்தால், வாய் கொஞ்சம் திறந்து ஒரு பொம்பள என்னையே பார்ப்பாள். நகரு என்று யாரோ கத்துவது அவளுக்குக் கேட்காது.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் ஆண்கள் பால் தெளிக்கப் போனார்கள். எட்டாம் நாள் காரியத்துக்கு லெப்டொப்பைப் பார்த்துக்கொள்ள கடுகண்ணாவையிலிருந்து ஒரு சொந்தக்காரப் பெண் வருவதாக மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று மகள் சொன்னாள். நல்லது என்றேன். பிறகு பஸ் எடுத்துக் கடைக்குப் போனேன். பதினொரு மணி போல ஒரு கொம்பியூட்டர் சிக்கியது. முதலாளி பிடுங்கச் சொன்னார். பிடுங்கினேன்.